சும்மா கிடக்கும் பேட்டரி

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 அன்று முடிகிறது. தொடக்கத்தில் 45 நாளாக இருந்த தடை, தமிழ்நாட்டில் 2017 முதல் 61 நாளானது. காரைக்காலுக்கும் இதே கணக்குதான். அதே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகே மேற்குக் கரையில் இருப்பதால் அங்கே ஜூன், ஜூலை மாதங்களில் தடை. காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தின் கடலோரக் கிராமமான பட்டினச்சேரியில் தடைக்காலத்தின் இரண்டு மாதமும் படகுக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. கிழிந்த வலையைக் கோப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். படகில் இருக்கும் பொருள்களில் யாரும் கையே வைக்காமல் விட்டுவிடுவது ஒன்றுதான். அது பேட்டரி. ஓடாத பொருளுக்குத் தேய்மானம் ஏது என்ற நினைப்பு. ஜூன் 15 விடியலில் சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டால்தான் அந்த நினைப்பு தவறு என்று தெரியவரும்.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி. அங்கே அது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு. கோடையில் ஊர் சுற்றிவிட்டு, குளிர்காலம் முழுக்க அதை ஓரங்கட்டிவிடுவார்கள். விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் அதில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. லெஷர் பேட்டரி என்று அதற்குப் பெயர். வசந்தத்தில் திரும்பி வந்து பார்த்தால் அது செத்திருக்கும். அதனால் குளிர்தான் பேட்டரிக்கு எமன் என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. சும்மா கிடக்கும் பேட்டரிக்குக் குளிர் நல்லது, வெயில்தான் ஆகாது. காரைக்கால் கரையில் பேட்டரி சும்மா கிடக்கும் காலமோ சித்திரை, வைகாசி. நடுவில் கத்திரி வெயில்.

இது ஏன் என்று புரிய, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காரிலும் படகிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரிதான். 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியை உருவாக்கினார். 1881-இல் கமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஈயச் சட்டத்தில் ஈய ஆக்சைடு பசையை அப்பித் தகடு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் காரைக்காலும் பிரெஞ்சு மண்தான். 1954 வரை அப்படியே இருந்தது. இன்றைக்கு ஊர்க் கடைகளில் விற்கும் பேட்டரி அடிப்படையில் அந்த இருவரின் பேட்டரியே. பெட்டி பிளாஸ்டிக் ஆயிற்று, சட்டத்தின் உலோகக் கலவை மாறிற்று, வேதியியல் மாறவில்லை.

12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு செல்கள். முழுச் சார்ஜில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். பாசிட்டிவ் தகட்டில் காப்பிப்பொடி நிறத்தில் ஈய டைஆக்சைடு, நெகட்டிவ் தகட்டில் சாம்பல் நிறத்தில், நுண்துளை நிறைந்த பஞ்சு போன்ற ஈயம், நடுவில் அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறும். சல்பேட் அமிலத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே அமிலம் வலுவிழந்து தண்ணீரை நோக்கிப் போகும். சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் திரும்ப நடக்கும்: சல்பேட் தகட்டை விட்டு இறங்கி அமிலத்தில் சேரும். எனவே அமிலத்தின் அடர்த்தியே சார்ஜின் அளவு. மெக்கானிக் கையில் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர், பெட்ரோல் டேங்கில் விட்டுப் பார்க்கும் குச்சியின் வேலையைத்தான் செய்கிறது.

இந்த மாற்றம் ஒயரை மாட்டினால்தான் நடக்கும் என்பதில்லை. அமிலத்தில் நிற்கும் ஈயம் இயல்பிலேயே நிலையற்றது. எதுவும் இணைக்காமல் மூலையில் வைத்தாலும் மெல்ல மெல்ல ஹைட்ரஜனை விட்டுச் சல்பேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். இது தன்னிறக்கம், கடைக்காரர் மொழியில் 'தானா டவுன் ஆகுறது'. தகட்டின் சட்டத்தில் உறுதிக்காக ஆன்டிமனி கலந்திருந்தால் இந்த வேகம் கூடும். கால்சியம் கலந்த புதிய வகைகளில் குறையும். 25 டிகிரியில் மாதத்துக்குக் கால்சியம் வகை 3 முதல் 5 சதவீதம் இழக்கலாம். ஆன்டிமனி வகை, அதுவும் பழசானால், அதைவிடக் கூடுதலாக இழக்கும்.

வெப்பம் இங்கேதான் நுழைகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தன்னிறக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழைய கைக்கணக்கு. 5 டிகிரியில் ஒரு மடங்கு என்றால் 15-இல் இரண்டு, 25-இல் நான்கு, 35-இல் எட்டு. இந்தக் கணக்கின்படி, கரையோர வெயிலில் 35 டிகிரியில் இரண்டு மாதம் கிடந்த பேட்டரி, ஐரோப்பியக் கொட்டகையில் 5 டிகிரியில் பதினாறு மாதம் கிடந்ததற்குச் சமம். அங்குள்ள கேரவன்காரர் ஐந்தாறு மாதத்துக்கே கவலைப்படுகிறார்! படகின் இன்ஜின் அறைக்குள், மேலே தளம் காய்ந்துகொண்டிருக்க, 45 டிகிரி வரை ஏறுவது அரிதில்லை. அப்போது இன்னொரு மடங்கு.

குளிரில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முழுச் சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். டவுன் ஆன பேட்டரிக்குள் இருப்பது ஏறத்தாழத் தண்ணீர். அது மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். கேரவன்காரர்களின் பேட்டரி குளிரில் சாவது இப்படித்தான். முதல் குற்றவாளி குளிர் இல்லை, சார்ஜ் இல்லாமல் விட்டதுதான். காவிரி டெல்டாவில் யாரும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

டவுன் ஆனால் என்ன, மறுபடி சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது என்பதே இந்த அத்தியாயத்தின் மையம். ஈய சல்பேட் தகட்டில் முதலில் பொடிப்பொடியாகத்தான் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது எளிதில் கரைந்து திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டால் கதை வேறு. கற்கண்டு செய்கிறவர்கள் பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, அசையாமல் வாரக்கணக்கில் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சின்னப் படிகம் கரைந்து பெரிய படிகத்தில் போய் ஒட்டும். பெரியது மேலும் பெரிதாகும். பேட்டரிக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. சர்க்கரை வாயில் போட்டதும் கரையும். கற்கண்டைக் கடித்தால்தான் உண்டு. வளர்ந்து இறுகிய சல்பேட் படிகம் மின்சாரத்தைக் கடத்தாது, சார்ஜரின் வேகத்துக்குக் கரையவும் கரையாது. அது பிடித்த தகட்டுப் பகுதி பேட்டரியின் கொள்ளளவிலிருந்து கழிந்துவிடுகிறது. சல்பேட் ஈயத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் தகடு உப்பவும் செய்யும். வெப்பம் இந்தப் படிக வளர்ச்சியையும் விரைவாக்குகிறது.

சார்ஜர் போட்டதும் சட்டென்று 14 வோல்ட் காட்டி, கழற்றிய சிறிது நேரத்தில் 12-க்குக் கீழே விழும் பேட்டரி பெரும்பாலும் இப்படி இறுகியதுதான். 'சார்ஜ் நிக்கலை' என்று கடையில் சொல்வது இதையே. குறைந்த மின்னோட்டத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டுவிட்டுச் சார்ஜ் ஏற்றினால் இளம் படிகங்கள் கொஞ்சம் கரையும். 'சல்பேட் நீக்கி' என்று விற்கும் பொடிகளையும் துடிப்புக் கருவிகளையும் பெரிதாக நம்ப வேண்டாம். முற்றிய பேட்டரியை அவை இளமையாக்கியதில்லை.

தன்னிறக்கம் பாதிக் கணக்குதான். மீதி, படகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன உறிஞ்சிகள். ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், அடித்தளத்துத் தண்ணீர் இறைக்கும் பம்பின் மிதவை சுவிட்ச், எப்போதும் மினுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. சுவிட்சை அணைத்தாலும் சில கருவிகள் நினைவைக் காக்கக் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். மொத்தம் 20 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சாதாரண எல்.இ.டி. காட்டி விளக்குக்குப் போகும் அளவுதான். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. 61 நாளுக்கு 29 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். 100 ஏ.எச்., அதாவது 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 25 டிகிரியில் மாதம் 5 சதவீதம் இறங்கும் பேட்டரி 35 டிகிரியில் 10 சதவீதம் இறங்கும். இரண்டு மாதத்துக்கு 20. இரண்டையும் கூட்டினால் பாதி காலி. ஏப்ரலில் கட்டும்போதே பேட்டரி முக்கால் சார்ஜில் இருந்திருந்தால், ஜூனில் கால் பங்குதான் மிச்சம்.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு கசிவும் உண்டு. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் அமில ஆவி மூடியின் மேல் படியும். உப்புக்காற்று கொண்டுவரும் ஈரமும் மணல் தூசும் அதன்மேல் ஒட்டும். இந்த ஈரப்படலம் மின்சாரம் கடத்தும். பாசிட்டிவ் முனையிலிருந்து நெகட்டிவ் முனைக்கு மூடியின் மேலேயே ஒரு மெல்லிய பாதை போட்டாகிவிட்டது. மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பாசிட்டிவ் டெர்மினலிலும், கறுப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடியின் நடுவிலும் வைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூடி சுத்தமாக இருந்தால் மீட்டர் ஏறத்தாழச் சுழியம் காட்டும். அழுக்கேறிய மூடியில் சில வோல்ட் காட்டும். கறுப்பு முனையை நெகட்டிவ் பக்கமாக நகர்த்த நகர்த்த அது ஏறும். பிளாஸ்டிக்கில் வோல்ட்டேஜ் தெரிவதை முதல் தடவை பார்ப்பவர்கள் மீட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்ற பழைய நம்பிக்கையின் வேரும் இதுதான். ஒரு காலத்தில் பேட்டரிப் பெட்டிகள் மரத்திலும் கடின ரப்பரிலும் இருந்தன. ஈரத் தரையில் அவை கசிந்தன. இன்றைய பாலிபுரொப்பிலீன் பெட்டி கசியாது. பலகை போட்டு வைப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் பலகை போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் அதுதான் கெடுதல்.

தடைக்காலத்துக்குப் பேட்டரியைத் தயார் செய்வது முழுச் சார்ஜில் தொடங்குகிறது. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு அதை ஏற்காது. ஆல்டர்னேட்டர் மெதுவான ஓட்டத்தில் 12 ஆம்பியர் தருகிறது என்று கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஏறுவது 2 ஆம்பியர்-மணி. முப்பது குறைந்திருக்கும் இடத்தில் இரண்டைப் போட்டு என்ன ஆகும்? ஈய-அமில பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும். அவசரப்படுத்தினால் வாங்குவதற்குப் பதில் தண்ணீரைக் குமிழியாக்கும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 ஏ.எச். பேட்டரிக்கு 10 ஆம்பியர் என்ற அளவில் தொடங்கி, 14.4 வோல்ட்டில் நிறுத்தி, மின்னோட்டம் ஓரிரு ஆம்பியருக்கு இறங்கும் வரை விட வேண்டும். பாதி காலியான பேட்டரிக்கு ஓர் இரவு முழுக்கத் தேவைப்படும்.

சார்ஜ் முடிந்ததும் உடனே அளக்கக் கூடாது. தகட்டின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் சார்ஜ் மீட்டரை ஏமாற்றும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு 12.7 வோல்ட் அருகில் காட்டினால் நிறைவு; 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0-க்கு வந்துவிட்டால் கால் பங்குதான். பாதிக்கும் முழுமைக்கும் இடையே அரை வோல்ட்தான் வித்தியாசம் என்பதால், முள் ஆடும் பழைய மீட்டரைவிட எண் காட்டும் மீட்டர் நல்லது. அடர்த்தி குறைந்த அமிலம் நிரப்பிய பேட்டரிகளில் இந்த எண்கள் கொஞ்சம் கீழே இருக்கும்.

திறந்து பார்க்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டரே மேல். ரப்பர் குமிழை அமுக்கி, குழாயைச் செல்லுக்குள் விட்டு மெல்ல விட்டால் அமிலம் ஏறும். உள்ளே இருக்கும் மிதவை சுவரில் ஒட்டாமல் நிற்கும்போது கண் மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும். கார் பேட்டரியில் முழுச் சார்ஜுக்கு 1.265 அளவில் இருக்கலாம். வெப்ப ஊர்களுக்கான டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் அமிலத்தின் வீரியத்தைக் குறைத்தே நிரப்புகிறார்கள், அங்கே 1.240 என்றாலே நிறைவு. சூடான அமிலம் விரிந்து அடர்த்தி குறைவாகக் காட்டும் என்பதால், 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். கத்திரியில் அளந்துவிட்டு 'செல் வீக்' என்று முடிவு கட்டுகிறவர்கள் சில நேரம் வெயிலை அளந்திருப்பார்கள். ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் இறங்கியிருந்தால் சந்தேகம் அந்தச் செல்மேல்தான்.

தண்ணீர் ஊற்றுவது சார்ஜுக்குப் பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் விடலாம். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், அதாவது காய்ச்சி வடித்த நீர், அமிலம் அல்ல. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. காவிரிக் கடைமடையின் கரையோர நிலத்தடி நீரில் உப்பு உண்டு. அதிலுள்ள குளோரைடு பாசிட்டிவ் தகட்டை அரிக்கும், இரும்பு தன்னிறக்கத்தைக் கூட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் சிக்கனம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு குறைவு என்பது சரி. ஆனால் செம்பு, அலுமினியப் பட்டைகளைத் தொட்டு, தூசியையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது. சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளை வைத்துச் சூதாட வேண்டியதில்லை.

அடுத்து, கழற்றுவது. முதலில் நெகட்டிவ் ஒயர், பிறகு பாசிட்டிவ், மாட்டும்போது தலைகீழாக. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் இன்ஜின் இரும்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, அந்த நீர் செல்லுக்குள் போகாமல் பார்த்து, காய்ந்தபின் வாசலின் தடவ வேண்டும். மூடியையும் அப்படியே துடைத்துவிடலாம். பிறகு படகிலிருந்து இறக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க வேண்டும். மேலே பார்த்த கணக்கின்படி 45 டிகிரி இன்ஜின் அறைக்கும் 35 டிகிரி ஓலைக் கொட்டகைக்கும் வித்தியாசம் பாதிக்குப் பாதி. இதைவிட மலிவான பராமரிப்பு வேறில்லை. கழற்றி நிழலில் வைத்த பேட்டரிக்கு மாதம் ஒரு முறை, அதாவது தடைக்காலத்தின் நடுவில் ஒரு தடவையும் கடலுக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஒரு தடவையும், முழுச் சார்ஜ் போட்டால் போதும். இப்படி இடையில் நன்றாகக் குமிழிவிடும் வரை சார்ஜ் ஏற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு. அசையாமல் நிற்கும் பேட்டரியில் கனமான அமிலம் கீழே தங்கி, மேலே தண்ணீராய் நிற்கும். குமிழி கிளம்பி அதைக் கலக்கிவிடும். கடலில் இருக்கும்போது அந்த வேலையை அலை பார்த்துக்கொள்கிறது.

எப்போதும் சார்ஜில் போட்டே வைக்கும் முறையும் உண்டு. இதன் சிறந்த உதாரணம் மின்நிலையங்கள். திருமலைராயன்பட்டினத்தின் போலகத்தில் புதுச்சேரி பவர் கார்ப்பரேஷனின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் எந்த மின்நிலையமும், துணைமின்நிலையமும், தன் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகளுக்குப் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரி வரிசையையே நம்பியிருக்கும். எல்லாம் நின்றுபோகும் நொடியில்தான் அதற்கு வேலை. ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கும் அந்த பேட்டரிகள் சாகாமல் இருப்பது மிதவைச் சார்ஜால். தன்னிறக்கம் எவ்வளவோ அவ்வளவை மட்டும் ஈடுகட்டும் ஒரு தாழ்ந்த வோல்ட்டேஜை இடைவிடாமல் கொடுப்பார்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் அது 13.5 முதல் 13.8 வரை. வெப்பம் ஏறினால் இதைக் குறைக்க வேண்டும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட், 35 டிகிரியில் 0.2 வோல்ட் கழிக்க வேண்டும். குறைக்காவிட்டால் தண்ணீர் வற்றும், பாசிட்டிவ் சட்டம் அரிபடும். குளிர்நாட்டுக்கு அமைத்த சார்ஜரை அப்படியே கரையோரக் கொட்டகையில் வைத்து இரண்டு மாதம் மறந்துவிட்டால், சல்பேட்டுக்குத் தப்பிய பேட்டரி வறட்சியில் மாட்டும். வெப்ப உணரி உள்ள சார்ஜர் வாங்குவது நல்லது.

கரையில் மின்இணைப்பு இல்லாத இடத்துக்குச் சூரியத் தகடு. இங்கே வெயில் எதிரியாக மட்டும் இல்லாமல் உதவியாகவும் வருகிறது. 10 வாட் தகடு உச்சி வெயிலில் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் தரும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்றால் இரண்டரை ஆம்பியர்-மணி. 35 டிகிரியில் 100 ஏ.எச். பேட்டரியின் தன்னிறக்கமும் 20 மில்லியாம்பியர் உறிஞ்சிகளும் சேர்ந்து நாளைக்கு 0.8 ஆம்பியர்-மணிதான். ஆக இந்தச் சின்னத் தகடு மூன்று மடங்கு தாங்கும். நடுவில் சார்ஜ் கட்டுப்படுத்தி கட்டாயம் வேண்டும். சுமையில்லாத தகடு 21, 22 வோல்ட் வரை போகும். நேரடியாகக் கொடுத்தால் நிறைந்த பேட்டரி கொதிக்கும். இரவில் பேட்டரியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் பின்னோக்கிப் போகாமல் தடுப்பதும் அந்தக் கட்டுப்படுத்தியின் வேலை. தகட்டின்மேல் படியும் உப்பையும் காக்கை எச்சத்தையும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

எந்த முறையானாலும், சார்ஜ் ஏறும் பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, விளக்குத் திரி ஆகாது. வெளிவருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அடைத்த அறையில் அது கூரைக்குக் கீழே போய்த் தேங்கும்.

பேட்டரி சும்மா கிடப்பது படகில் மட்டுமல்ல. சம்பா அறுவடை முடிந்த பின் கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்கும் இதே விதிதான். காரைக்கால் பகுதிக்கே உரிய இன்னொன்று பூட்டிய வீடு. பிரான்சிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கும் குடும்பங்களின் வீடுகள் ஆண்டில் பத்து, பதினொரு மாதம் பூட்டியே இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். இன்வெர்ட்டரை அணைக்க மறந்துவிடுவார்கள். மெயின் போனதும் அது மின்வெட்டு என்று நினைத்து வேலையைத் தொடங்கிவிடும். மின்விசிறி ஒன்றும் ஓடாவிட்டாலும், விழித்திருக்கவே அதற்கு 15 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஐந்தே நாள். மீதி மாதங்கள் முழுக்கப் பேட்டரி காலியாகக் கிடந்து கற்கண்டாகும். மெயினை அணைக்காமல் விட்டால் சார்ஜ் நிலைத்து நிற்கும், ஆனால் ஆளில்லாத வீட்டில் தண்ணீர் வற்றும். இரண்டுக்கும் நடுவழி: முழுச் சார்ஜ் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒயரைக் கழற்றிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெருங்கிய உறவினர் ஒருவர் ஒரு நாள் சார்ஜ் போட ஏற்பாடு செய்வது. கார்த்திகையில் புயல் வரும்போது அந்த பேட்டரிக்கு வேலை இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை.

லித்தியம் பேட்டரிக்கு விதியே வேறு. மின்ஸ்கூட்டர்களிலும் புதிய இன்வெர்ட்டர்களிலும் வரும் இந்த வகையில் சல்பேட் கிடையாது. முழுச் சார்ஜில் வெயிலில் நிற்பதே அதற்குக் கெடுதல். பாதியளவு, 40 முதல் 60 சதவீதத்தில் நிறுத்தி நிழலில் வைக்க வேண்டும். மிதவைச் சார்ஜ் தேவையில்லை. உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டு மின்சுற்று கொஞ்சம் இழுக்கும் என்பதால் அடிமட்டம் வரை இறங்கவிடவும் கூடாது. ஈய-அமில பேட்டரியில் பழகிய கை இதையும் நிரப்பியே வைக்கப் பார்க்கும்.

நன்றாகப் பார்த்துக்கொண்ட பேட்டரியும் ஒரு நாள் சாகத்தான் செய்யும். வெப்பம் 25-க்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுளைப் பாதியாக்கும் என்பது இன்னொரு கைக்கணக்கு. கரையோரத்தில் நான்கைந்து ஆண்டு உழைத்தால் அது நல்ல உழைப்பு. செத்த பேட்டரிக்கும் விலை உண்டு. எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான், கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதில் கழித்துக்கொள்ளலாம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. வலைக்கு ஈயக் குண்டு வார்க்கலாமே என்று அந்தத் தகட்டை வீட்டுக் கொல்லையில் உருக்க வேண்டாம். அந்தப் புகையும் தூசும் மண்ணில் படிந்து நிற்கும். அதே மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஈயம் மூளை வளரும் வயதில் செய்யும் கேட்டை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.